தண்ணி வந்துருச்சு

தில்லியில் கோடைகாலத்தில் "தண்ணி வந்துருச்சு" என்பதைவிட இனிப்பான செய்தி வேறு கிடையாது, மேடம். நீங்கள் இந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றீர்கள். போகப் போகத் தெரியும். கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் நாங்கள் வளர்ந்தபோது, அந்தக் குரல் கேட்டால் போதும், மொட்டை மாடியில் படுத்திருக்கும் குடும்பங்கள் எல்லாம் வாளியோடு படியிறங்கும். பஞ்சாபி வீட்டில் "பானி ஆ கயா", எங்கள் வீட்டில் "ஜலம் வந்துடுத்து", எதிர் வீட்டு மதுரைக்காரர் வீட்டில் "தண்ணி வந்துருச்சு". எல்லாவற்றுக்கும் ஒரே பொருள், ஒரே ஓட்டம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நேற்று நீங்கள் கேட்ட கேள்வியே அந்த இரண்டு சொற்களைப் பற்றியதுதான்.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தரலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றீர்கள். நன்றி. ஹிந்தியில் எழுதினால் அலுவலகக் குறிப்பு மாதிரி ஆகிவிடும். தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. என் மகள் ப்ரீதாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. குருகிராமில் ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் இருக்கிறாள். இந்தக் காகிதம் என்றைக்காவது அவள் கைக்குப் போனாலும், அப்பாவின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். என் மனைவி அம்புஜத்துக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அம்புஜம் கேட்க மாட்டாள்.

அனந்தகிருஷ்ணன் ஆகிய நான் இந்த அரசுக் கல்லூரியின் நிதிப் பிரிவு அதிகாரி. கணக்கில் பிசகு என்றால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் அந்த உத்தரவு வந்தபோது மற்ற கல்லூரிக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொள்ள, நான் மட்டும் சந்தோஷப்பட்டேன். வரவுசெலவுத் திட்டத்தோடு சேர்த்து, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதையும் இனி இணையதளத்தில் போட வேண்டும் என்பது உத்தரவு. அனுமதித்த பணியிடம் எவ்வளவு, அதில் ஆள் இருப்பது எவ்வளவு, காலி எவ்வளவு, தினக்கூலி யார், ஒப்பந்தம் யார், எல்லாம் ஓர் அட்டவணையாக. மக்கள் பணம், மக்கள் பார்க்கட்டும். நல்ல உத்தரவு என்று இப்போதும் சொல்வேன்.

எங்கள் அட்டவணை கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. தினக்கூலி: இல்லை. ஒப்பந்தம்: இல்லை. துப்புரவுப் பணியிடங்கள்: அனைத்தும் காலி. ஆனாலும் கல்லூரி பளபளவென்று இருக்கும். ஆளே இல்லாமல் இது எப்படி ஐயா என்று பிற கல்லூரிகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நிர்வாகத் திறமை என்று எங்கள் முதல்வர் மேடையிலேயே சொன்னார். பல்கலைக்கழகத்தின் தலைமை நிதி அதிகாரி பதவிக்கு என் பெயர் அடிபட ஆரம்பித்தது. ஆசைப்பட்டேன், மேடம். கரும்பு தின்னக் கூலியா?

சுத்தம் தானாக வராது என்பது எனக்கும் தெரியும். சந்திரம்மாள், பொன்னி, கோவிந்தம்மாள் என்று மூன்று பெண்கள். சேலம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கல்லூரிக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக்கு அந்தப் பக்கம், தமிழ் பஸ்தி என்கிற குடிசைப் பகுதியில் குடியிருப்பு. முன்பு தினக்கூலியில் இருந்தார்கள். தினக்கூலிக்குப் பணம் தருவதை மேலே நிறுத்திவிட்டார்கள். முறைப்படி நான் அன்றைக்கே அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். மனசு வரவில்லை. 'துப்புரவுப் பொருட்கள்' என்று ஒரு செலவுத் தலைப்பு இருந்தது. அதற்குத் தடை இல்லை. மதன் என்கிற கடைக்காரர் மாதாமாதம் பில்லில் கொஞ்சம் பினாயில், கொஞ்சம் ஆசிட், கொஞ்சம் துடைப்பம் கூடுதலாக எழுதுவார். அந்தக் கூடுதல்தான் இவர்களுடைய சம்பளம். சந்திரம்மாள் பினாயில், பொன்னி ஆசிட், கோவிந்தம்மாள் துடைப்பம். ஒரு பைசாகூட நான் தொட்டதில்லை. அதை நீங்களே விசாரித்துத் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

சந்திரம்மாளுக்கு இதில் ஏகப்பட்ட வேடிக்கை. மாதம் பிறந்ததும் என் அறை வாசலில் துடைப்பத்தோடு வந்து நிற்பாள்.

"என்ன சார், இந்த மாசம் பினாயிலு இன்னும் வரலியா? ஊட்டுல அரிசி தீந்துபோச்சு."

"வரும், வரும். ஆசிட் வந்துடுத்து, பினாயில்தான் பாக்கி" என்பேன். பொன்னி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். தீபாவளிக்கு மூவருக்கும் என் கையால் இனிப்புப் பெட்டி கொடுப்பேன். எனக்குச் சந்திரம்மாளைப் பிடிக்கும். எள் என்றால் எண்ணெயாக நிற்பாள்.

இந்தக் கோடையில் ஒருநாள் வழக்கத்துக்கு மாறாக அவள் தயங்கித் தயங்கி வந்தாள். அவளுடைய மகள் மஞ்சு பள்ளி முடித்துவிட்டு எங்கோ கல்லூரியில் சேர விண்ணப்பம் போடுகிறாளாம்.

"அம்மா என்ன வேலைன்னு கேக்குறாங்களாம் சார். காலேஜ்ல வேலை பாக்குறான்னு ஒரு சிட்டி எழுதிக் குடுங்க. சீலு கூட வேணாம். உங்க கையெழுத்து இருந்தாப் போதும்."

"சந்திரம்மா, நீ பினாயில்னுதானே எழுதிக் குடுக்க முடியும்?" என்றேன்.

அவளும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள் என்று இப்போது தோன்றுகிறது. "அச்சா சார், வேணாம் வுடுங்க" என்று சொல்லிவிட்டு, என் மேஜையை மறுபடி ஒருமுறை துடைத்துவிட்டுப் போனாள்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

அட்டவணையில் போட்டிருப்பதும் நேரில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க, அவ்வப்போது ஒரு சரிபார்ப்புக் குழு வரும். அட்டவணைக்கு வெளியே ஓர் ஆள் நடமாடினாலும் விளக்கம் கேட்பார்கள், மானியத்தைக் குறைப்பார்கள், அதிகாரியின் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்த வேலையெல்லாம் நான் செய்வதில்லை. அன்றைக்குப் பூசணிக்காய்க்கே விடுமுறை கொடுத்துவிடுவேன். மூவரும் வீட்டில் இருப்பார்கள், சம்பளத்தோடு.

இந்த முறை மழை கெடுத்தது. விடியற்காலையிலிருந்து கொட்டு கொட்டென்று கொட்டி, தாழ்வாரம் முழுக்கச் சேறு. குழு வருவதற்குள் துடைத்துவிட்டுப் போய்விடுங்கள் என்று மூவரையும் வரச் சொல்லியிருந்தேன். ஆனால் மழையில் சாலை அடைத்துக்கொள்ளும் என்று பயந்து, குழு சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டது. எங்கள் கல்லூரிக்கு ஒரே வாசல். அந்த வாசலில் அவர்களுடைய கார். இங்கே மூன்று பெண்கள், வாளியும் துணியுமாக.

தரைமட்டத்துக்குக் கீழே உள்ள தளத்தில் பழைய கோப்பு அறை இருக்கிறது. அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

"கொஞ்ச நேரம் உள்ள உக்காருங்கோ. சத்தம் வேண்டாம். ஏதாவது அவசரம்னா தமிழ்லயே கூப்பிடுங்கோ. வந்திருக்கறவா ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. ஹிந்தி மட்டும் வாயில வரப்படாது, புரியறதா?"

"அச்சா சார்" என்றாள் சந்திரம்மாள். "ஜல்தி தொறந்துருங்க. மஞ்சுக்கு இன்னிக்குப் பரீச்ச ஏதோ இருக்குதாம், போய்ச் சோறு வெக்கணும்."

கதவைப் பூட்டி, குறுக்கே காகிதப் பட்டை ஒட்டி, அரக்கு முத்திரை வைத்தேன். பட்டையில் என் கையெழுத்து. இது எங்கள் தொழிலில் ஒரு சூட்சுமம், மேடம். வெறும் பூட்டு என்றால் திறந்து காட்டு என்பார்கள். அதிகாரியின் முத்திரையைப் பார்த்தால் எந்தக் குழுவும் நாகரிகமாக விலகிப் போய்விடும். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

குழுவின் தலைவர் பட்நாகர் நல்ல மனிதர், பேச்சுத் துணைக்கு ஏற்றவர். ஒவ்வொரு பிரிவாக நடந்து தலைகளை எண்ணினார். நான் கூடவே குடை பிடித்தேன். கோப்பு அறையின் முத்திரையைப் படியிலிருந்தே எட்டிப் பார்த்து, "வெரி குட்" என்று திரும்பிவிட்டார். பிறகு தரைத்தளத்துக் கூட்ட அறையில் தேநீருக்கு உட்கார்ந்தோம். அந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழேதான் கோப்பு அறையின் காற்றுத் துவாரம். அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வரிவரியாகப் பாராட்டிக்கொண்டிருந்தார். வெளியே மழை வலுத்தது. பின்பக்கச் சாக்கடை கரையேறியது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. "சார்! தண்ணி வந்துருச்சு!"

"யே க்யா ஷோர் ஹை?" என்ன கூச்சல் என்று கேட்டார் பட்நாகர்.

"பானி ஆ கயா, சாஹிப். தமிழ் லோக் ஹைன்" என்றேன், தண்ணீர் வந்திருக்கிறது, தமிழ்க்காரர்கள் என்று. பின்னால் தமிழ் பஸ்தி இருப்பது அவருக்குத் தெரியும். மழையில்கூடத் தண்ணீர் லாரியா என்று சிரித்தார். மழைத் தண்ணீரைக் குடிக்க முடியுமா சாஹிப் என்றேன். அதுவும் சரிதான் என்று பேனாவை எடுத்தார்.

"சார், முட்டிக்குத் தண்ணி வந்துருச்சு! தொறங்க சார், தொறங்க!"

இப்போது என்னவாம் என்று புருவத்தைத் தூக்கினார். "கோலோ என்கிறார்கள்" என்றேன். குழாயைத் திறக்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று அவரே முடித்துக்கொண்டார். குழாய் என்று நான் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்டதை எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். 'முட்டிக்கு' என்பதை மட்டும்தான் விட்டுவிட்டேன்.

அவருக்கு வேடிக்கை பார்க்க ஆசை வந்துவிட்டது. தில்லிக்காரருக்குத் தண்ணீர்ச் சண்டையைப் பார்ப்பது என்றால் தனி ருசி. எழுந்து ஜன்னல் பக்கம் ஓரடி வைத்தார். "கச்சோரி ஆறிவிடும் சாஹிப், மழைக்குச் சூடாகச் சாப்பிட்டால்தான் நன்றாக இருக்கும்" என்றேன். உட்கார்ந்துவிட்டார். புளிச் சட்னியும் இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அடுத்து வந்ததில் வார்த்தை இல்லை. தகரத்தை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதை மொழிபெயர்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

கழிப்பறைக்குப் போகிறேன் என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். இறங்கினால் முத்திரையைக் கிழிக்க வேண்டும். கதவைத் திறந்தால் மூன்று பேரும் நனைந்த கோழிகள் மாதிரி மேலே ஏறி வருவார்கள். ஏறுகிற படி கூட்ட அறையின் வாசலில்தான் வந்து முடிகிறது. பட்நாகர் எண்ணுவார். எண்ணுவதற்காகத்தானே வந்திருக்கிறார். சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அட்டவணைக்கு வெளியே எவரும் காணப்படவில்லை என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். கை குலுக்கினோம். கார் வரைக்கும் குடை பிடித்தேன். வாசலில் தண்ணீர் தேங்கியிருந்ததால் காரைத் திருப்பச் சிரமப்பட்டார்கள். நின்று, "பீச்சே, பீச்சே, பஸ்", பின்னால் எடு, போதும் என்று வழி சொன்னேன். கார் முனை திரும்பிய பிறகு கீழே போனேன்.

படியில் பாதிக்கு மேல் தண்ணீர்; கோப்பு அறையின் தரை வாசலைவிட இன்னும் மூன்று படி பள்ளம். நெஞ்சளவுக்கு இறங்கி முதலில் காகிதப் பட்டையைக் கிழியாமல் உரித்தெடுக்கப் பார்த்தேன். பழக்கம், மேடம். அது ஏற்கனவே ஊறிப்போயிருந்தது. பூட்டைத் திறந்த பிறகும் கதவு அசையவில்லை. வாசல் காவலாளி ஓடி வந்து, இரண்டு பேருமாக முட்டித் தள்ளினோம். பொன்னியும் கோவிந்தம்மாளும் அலமாரியின் மேல், கூரையில் தலை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அதன்மேல் இரண்டு பேருக்குத்தான் இடம். மற்ற இருவரையும் தோள் கொடுத்து ஏற்றிவிட்டவள் சந்திரம்மாள். அவள் கதவுக்குப் பக்கத்தில் கிடந்தாள். எனக்கு அழுகை வந்தது. அதைக் காவலாளியும் பார்த்தான். அவனிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பொன்னியின் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். முட்டிக்குத் தண்ணீர் ஏறியபோதே ஹிந்தியில் கத்தலாம் என்று பொன்னி சொன்னாளாம். சந்திரம்மாள் அவள் வாயைப் பொத்தியிருக்கிறாள்.

"வாணாம் புள்ள, சார் மானம் போயிரும். நாம கத்துறது அவருக்குக் கேட்டிருக்கும். தொறப்பாரு."

அதை வாசித்துவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தீர்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவளுக்கு ஹிந்தி என்னைவிட நன்றாக வரும். சப்ஜி மண்டியில் காய்கறிக்கு அவள் பேரம் பேசினால் கடைக்காரன் தராசைக் கீழே வைத்துவிடுவான். ஒரே ஒரு தடவை "பச்சாவ்", காப்பாற்றுங்கள் என்று கத்தியிருந்தால் பட்நாகரே கச்சோரியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார். எனக்கும் வேறு வழி இருந்திருக்காது. அவள் கத்தவில்லை. அவசரம் என்றால் தமிழில் கூப்பிடு என்று நான் சொன்னேன்; தமிழிலேயே கூப்பிட்டாள். அப்படி ஒரு பொறுப்பு நிரந்தரப் பணியாளரிடம்கூட நான் கண்டதில்லை.

உங்கள் கேள்விக்கு இனி நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். அது லாரித் தண்ணீர் என்று நானும் நினைத்தேன் என்று முதல் விசாரணையில் சொன்னது பொய். 'தண்ணி வந்துருச்சு' கோடையில்தான் நல்ல செய்தி. அன்று மழை. முதல் குரலிலேயே அது சந்திரம்மாள் என்று தெரிந்தது, தண்ணீர் எங்கே வந்திருக்கிறது என்றும் தெரிந்தது. கையெழுத்தாகும்வரை தாக்குப்பிடிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். தாக்குப்பிடிக்காவிட்டால் என்ன என்றும் போட்டுப் பார்த்தேன். அப்போதும் கையெழுத்து ஆகிவிட்டிருக்கும். அதன் பிறகுதான் இரண்டாவது கச்சோரியை அவர் தட்டில் வைத்தேன். நான் திறக்காததால்தான் அவள் செத்தாள். இதில் யாருடைய வற்புறுத்தலும் இல்லை.

கடைசியில் நான் கையெழுத்துப் போடுவதற்காக ஒரு வரியைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறீர்கள்: 'கல்லூரி ஊழியர் சந்திரம்மாளின் மரணத்துக்கு நானே முழுக் காரணம்.' படித்தேன். மரணம் சரி. முழுக் காரணம் என்பதும் சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் 'கல்லூரி ஊழியர்' என்று போட்டிருக்கிறீர்கள். மஞ்சு கொடுத்த புகாரில் 'என் அம்மா கல்லூரி ஊழியர்' என்றுதான் முதல் வரி, அதிலிருந்து எடுத்திருப்பீர்கள். சின்னப் பெண், தெரியாமல் எழுதியிருக்கிறாள். அந்தச் சொல்லை மட்டும் அடித்துக் கொடுங்கள், உடனே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். சந்தேகமிருந்தால் இணையதளத்தில் எங்கள் அட்டவணையைப் பாருங்கள், மேடம். அப்படி ஒருவர் எங்களிடம் வேலை செய்யவே இல்லை.